உலகம் தெரிந்த வயது

முப்பது வயதை எட்டியவர்களுக்கு அறிவுரை வழங்குவதிலே நம் சமுதாயம் ஒருபோதும் கஞ்சத்தனம் காட்டியதில்லை. இருபது வயதிலே ஒருவர் கூட்டங்களிற் பேசினாலும், ஊர்வலத்திற் கொடி பிடித்தாலும், சாதி வேலியைத் தாண்டிச் சமபந்தியில் அமர்ந்தாலும், "இளரத்தம், அப்படித்தான் இருக்கும்" என்று சிரித்துவிட்டுப் போகிறவர்கள், அதே மனிதர் முப்பது கடந்த பின்னரும் அவ்வாறே நடப்பதைக் கண்டால் முகஞ் சுளிக்கின்றனர். ஆசிரியர் ஓய்வறையிலே, தேநீர்க் கோப்பையும் கையுமாக, இளைப்பாறும் வயதை நெருங்கிவிட்ட ஒருவர் இளையவரிடம் சொல்வார்: "தம்பி, உமக்கும் முப்பத்திரண்டு முடிஞ்சுது. உலகம் தெரியாமல் இன்னும் எவ்வளவு காலத்துக்கு? இனியாவது உம்மட பாட்டைப் பாரும்."

இவ்வறிவுரையை நாம் எள்ளி நகையாட விரும்பவில்லை. பெரும்பாலும் அஃது அன்பினாலேயே கூறப்படுகிறது. கூறுபவரும் ஒரு காலத்திலே ஊர்வலத்தில் நடந்தவராக இருக்கக்கூடும். நடந்து களைத்த அநுபவமே அவரைப் பேசவைக்கிறது. ஆயினும், அவ்வறிவுரையினுள்ளே இரண்டு கூற்றுக்கள் பிணைந்து கிடப்பதை நாம் கவனிக்க வேண்டும். முப்பது வயதளவிலே மனிதருக்கு உலகம் தெரியவருகிறது என்பது ஒன்று. உலகம் தெரிந்தவர் தம்பாட்டையே பார்ப்பார் என்பது மற்றொன்று. முதலாவதை நாம் மறுப்பதற்கில்லை. ஆனால் இரண்டாவது முதலாவதிலிருந்து இயல்பாகப் பிறக்கிறதா? இதுவே நாம் ஈண்டு ஆராய முற்படும் வினா.

முப்பதுகளிலே ஒருவருக்குத் தெரியவரும் உலகம் யாது? அது தத்துவ நூல்களிலிருந்து தெரியவருவதன்று. மாத முடிவிலே கையில் மிஞ்சும் பணத்திலிருந்து தெரியவருவது. தாய் தந்தையர் நோயாளராகத் தொடங்கும் காலமும், பிள்ளைகள் இன்னும் கையிலே தூக்கும் பருவத்தில் இருக்கும் காலமும் ஒன்றாய் வந்து சேர்கின்றன. தங்கையின் திருமணம் முடியவில்லை. வீட்டுச் சுவர் எழும்பியிருக்கிறது, கூரை ஏறவில்லை. சம்பளப் படிகளிலே கீழ்ப்படியிலே நிற்கும்பொழுதுதான் செலவினங்களின் மேற்படியிலே நிற்க வேண்டியிருக்கிறது. வீட்டிலிருந்து பல மைல் தொலைவிலே, கஷ்டப் பிரதேசப் பாடசாலை ஒன்றிலே நியமனம் பெற்ற ஆசிரியைக்கு, விடியற்காலைப் பேருந்தும், அதற்கு முன்னர் மூட்ட வேண்டிய அடுப்பும், திரும்பி வந்த பின்னர் துவைக்க வேண்டிய துணியும் சேர்ந்தே உலகம் எதுவென்று கற்பிக்கின்றன.

இதனோடு நாட்டின் வரலாறும் சேர்ந்துகொள்கிறது. 1997ஆம் ஆண்டளவிலே தோன்றிய ஆசிரியர் சம்பள முரண்பாடு 24 ஆண்டுகள் தீராதிருந்து, 2021ஆம் ஆண்டு ஜூலை 12இலே இணையவழிக் கற்பித்தலிலிருந்து ஆசிரியர்களும் அதிபர்களும் விலகிக்கொண்ட பெரும் போராட்டமாக வெடித்தது. ஒக்டோபர் வரை நீடித்த அப்போராட்டம், கோரியதன் ஒரு பகுதியையே பெற்றுத் தந்தது. அடுத்த ஆண்டிலேயே, 2022 ஏப்ரலில், அரசாங்கம் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. அவ்வாண்டு செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைகள் முந்திய ஆண்டைவிட நூற்றுக்கு 70 வீதமளவு உயர்ந்திருந்தன. கணித ஆசிரியர்கள் இதனை இலகுவிலே கணித்துக்கொள்வர்: விலை 70 வீதம் உயர்ந்து வருமானம் மாறாதிருந்தால், முன்பு 100 ரூபா கொண்டு வாங்கிய பொருள்களில் 59 ரூபாவுக்குரியவற்றையே பின்னர் வாங்க முடியும். ஒருவர் எவ்விதத் தவறும் செய்யாமலே, எவ்விதச் சோம்பலும் இல்லாமலே, அவருடைய உழைப்பிலே ஐந்தில் இரண்டு பங்கு கரைந்து போயிற்று.

அறிவுரைகள் ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. இத்தகைய நிலைமைகளிலிருந்துதான் "உம்மட பாட்டைப் பாரும்" என்ற குரல் எழுகிறது. ஆனால் அக்குரல் செய்யும் மாற்றத்தைப் பாருங்கள். ஊதியம் போதாமை ஒரு சமுதாயக் குறைபாடு. அறிவுரையோ அதனைத் தனிமனிதரின் சாமர்த்தியக் குறைவாக மாற்றிவிடுகிறது. "அவர் ரியூசன் கொடுத்து வீடு கட்டிவிட்டார்; இவர் வெளிநாடு போய்த் தங்கைக்குக் கலியாணம் செய்துவிட்டார்; உமக்கு என்ன குறை?" என்று கேட்கப்படும்போது, வீடு கட்டப் போதாத சம்பளத்தை நிர்ணயித்தவர் எவரென்ற கேள்வி மறைந்து போகிறது, வீடு கட்டாதவரே குற்றவாளியாகிறார். உலகம் தெரிந்தவர்கள் என்று போற்றப்படுபவர்கள், உண்மையிலே உலகத்தின் பாதியை மறைத்துவிட்டுத்தான் பேசுகின்றனர்.

முப்பதை அடைந்தோரைப் பிடித்தாட்டும் அச்சமொன்றும் உண்டு. காலம் போய்விட்டதே என்பதுதான் அது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டும் என்ற பழமொழி அவர்கள் செவியிலே ஓயாமல் ஒலிக்கிறது. இவ்வச்சத்துக்குரிய காலம் ஒன்று இருந்ததுதான். 1940களின் நடுப்பகுதியிலே இலங்கையிற் பிறந்த குழந்தையொன்றின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு 45 வயதுக்கும் குறைவாக இருந்தது. இன்று அது 75ஐக் கடந்துள்ளது. அக்காலச் சராசரி அவ்வளவு தாழ்ந்திருந்தமைக்குக் குழந்தை மரணங்கள் பெருங் காரணம் என்பதை நாம் மறக்கலாகாது. குழந்தைப் பருவத்தைத் தாண்டியோர் அதற்கு மேலும் வாழ்ந்தனர். எனினும், முப்பது வயதிலே தன் முன்னே நாற்பது ஆண்டுகளுக்கு மேலான வாழ்வு கிடக்கிறது என்று ஒரு சாதாரண ஏழை ஆசிரியர் நம்பக்கூடிய நிலை, நம் பாட்டன் பாட்டிமாருக்கு வாய்த்ததன்று.

இந்த ஆண்டுகளை நமக்கு யார் தந்தனர்? இங்கேதான் தம்பாட்டைப் பார்க்கும் தத்துவம் இடறி விழுகிறது.

1934ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே மழை பொய்த்தது. தென்மேற்குப் பகுதி ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. குட்டைகளிலே நுளம்புகள் பெருகின. கேகாலை, குருநாகல் மாவட்டக் கிராமங்களை மலேரியா சூறையாடியது. 1935 நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ 80,000 மக்கள் மாண்டனர். முன்னரே உணவின்றி மெலிந்திருந்த ஏழைகளையே அந்நோய் முதலிற் கொண்டுபோயிற்று. அவ்வேளையில் அக்கிராமங்களுக்கு மருந்தும் பருப்பும் சுமந்து சென்றவர்களுள் சூரிய மல் இயக்கத்து இளைஞரும் இருந்தனர். வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, பிலிப் குணவர்த்தன ஆகியோர் அப்பொழுது முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தனர். 1905இலே பிறந்த என். எம். பெரேரா முப்பதைத் தொடும் தறுவாயில் இருந்தார். கொழும்பிலே தொழில் நடத்தித் தம்பாட்டைப் பார்த்துக்கொள்ளக்கூடிய படிப்பும் வசதியும் அவர்களுக்கு இருந்தன. அவர்களோ நோயாளர் குடிசைகளிலே உலகத்தைத் தெரிந்துகொண்டனர். 1935 டிசம்பரிலே லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தபோது, அந்த அநுபவம் அதன் பின்னணியில் இருந்தது.

மலேரியாவின் கதை அத்தோடு முடியவில்லை. 1940களின் நடுவிலிருந்து அரசாங்கம் நாடெங்கும் நுளம்பு ஒழிப்பு மருந்து தெளித்தது; கிராமங்கள்தோறும் இலவச வைத்தியம் பரவியது. 1963ஆம் ஆண்டிலே நாடு முழுவதும் 17 மலேரியா நோயாளரே கண்டறியப்பட்டனர். நோய் ஒழிந்ததென்று எண்ணிய அதிகாரிகள் காவலைத் தளர்த்தினர். 1969இலே நோயாளர் தொகை 5 இலட்சத்தைத் தாண்டியது. பின்னர், பல பதின்மாண்டு உழைப்பின் பயனாகவே, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென உறுதிப்படுத்தியது. போர்க் காலத்திலும் வடக்குக் கிழக்குக் கிராமங்களிலே இரத்தப் பூச்சு எடுத்துத் திரிந்த பெயர் தெரியாத உத்தியோகத்தர் பலரின் கால்நடையும் அவ்வெற்றியிலே அடங்கியிருக்கிறது.

முப்பதுகளுக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேறெதுவென நாம் அறியோம். நாம் இனி வாழப்போகும் மேலதிக ஆண்டுகள் தனிமனிதச் சாமர்த்தியத்தாற் சம்பாதிக்கப்பட்டவையல்ல. பலர் தம்பாட்டைப் பாராது உழைத்தமையால் நமக்குக் கிடைத்தவை. 1945இலே கன்னங்கராவின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும் அத்தகையதே. அதுவன்றேல் இக்கட்டுரையை எழுதுவோரிலும் படிப்போரிலும் பலர் எழுத்தறியாது போயிருப்போம். பொதுவிலிருந்து பெற்ற ஆண்டுகளை முற்றிலும் தனக்கே செலவிடுபவரைப் பக்குவம் அடைந்தவரென்று கூறுதல் எவ்வாறு பொருந்தும்? மேலும், காவல் தளர்ந்தால் 17 பேர் 5 இலட்சம் ஆகின்றனர் என்பதையும் அக்கதை கூறுகிறது. இருபதிலே வென்றுவிட்டோமென்று நாம் நினைக்கும் சாதி உணர்வும், சீதன ஆசையும், இனத் துவேஷமும், முப்பதுகளில் நாம் களைத்துக் கண்ணயரும் வேளையிலேதான் மீண்டும் வீட்டினுள் நுழைகின்றன.

இவ்விடத்திலே வாசகர் நம்மைத் தடுத்துக் கேட்கலாம்: "அப்படியானால் வீட்டை விட்டுவிட்டு ஊர்ப்பணிக்குப் போ என்கிறீர்களா? பிள்ளையின் பால்மாவுக்கு யார் பணம் கொடுப்பது?" நியாயமான கேள்வி. தம்பாட்டைப் பார்ப்பதற்கு எதிரான தவறு ஒன்றும் நம்மிடையே உண்டு; அதனையும் நாம் மறைக்கலாகாது. தம் இலட்சியத்தின் தூய்மையைக் காப்பதற்காக ஒரு சிறு சமரசத்துக்கும் இணங்காத வீரர்கள் சிலரை நாம் அறிவோம். கூட்டம் முடிந்து அவர்கள் நள்ளிரவிலே வீடு திரும்பும்பொழுது சோறு மூடி வைக்கப்பட்டிருக்கும். அச்சோற்றுக்கான அரிசியைத் தாயோ மனைவியோ அயல்வீட்டிலே கடன் வாங்கியிருப்பார். இலட்சியத்தின் செலவை ஒருவர் கொடுக்க, அதன் பெருமையை இன்னொருவர் பெறுகிறார். இதுவும் ஒருவகைச் சுரண்டல் அன்றோ?

ஆகவே, சமரசம் செய்யலாமா கூடாதா என்பது முப்பதுகளின் வினாவன்று. எல்லோரும் செய்கின்றனர்; செய்யாமல் வாழ இயலாது. எத்தகைய சமரசம் மனிதரை மனிதராக விட்டுவைக்கிறது, எது அவரை விழுங்கிவிடுகிறது என்பதே வினா. இதற்கு விடை தேடும்போது, வேறொரு நாட்டிலே, வேறொரு நூற்றாண்டிலே, சரியாக முப்பது வயதில் ஒரு மனிதர் செய்த சமரசம் நம் நினைவுக்கு வருகிறது.

பிரெடெரிக் எங்கெல்ஸ் 1820 நவம்பரிலே, ஜெர்மனியின் பார்மன் நகரில், ஆலை முதலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். 24 வயதிலே இங்கிலாந்துத் தொழிலாளரின் நிலைமை பற்றி நூலெழுதியவர். 1849இலே ஜெர்மனியில் ஆயுதமேந்திப் போராடியவர். அப்புரட்சி தோற்றது. மார்க்ஸ் குடும்பத்தோடு லண்டனில் அகதியாக வறுமையில் வாடினார். 1850க்கும் 1855க்கும் இடையிலே மூன்று குழந்தைகளைப் பறிகொடுத்தார். இந்நிலையிலே, 1850 நவம்பரில், எங்கெல்ஸ் தாம் வெறுத்த வேலையைத் தேடிச் சென்றார். மான்செஸ்டரிலே தந்தைக்குப் பங்குள்ள பருத்தி நூல் நிறுவனத்தின் காரியாலயத்தில் எழுதுவினைஞராக அமர்ந்தார். புரட்சிக்காரன் முதலாளியின் மேசைக்குத் திரும்பிவிட்டான் என்று அன்றைய தோழர்கள் எள்ளியிருந்தால், வெளித்தோற்றத்தில் அது பிழையாகவும் இராது.

ஆனால் அந்த வேலையை அவர் எதற்காக ஏற்றார் என்பதை அவர் ஒரு நாளும் மறக்கவில்லை. அவர் அனுப்பிய பணமே மார்க்ஸின் குடும்பத்தைப் பட்டினியிலிருந்து காத்தது; அதனாலேயே 'மூலதனம்' முதற்பாகம் 1867இலே வெளிவர முடிந்தது. பகலிலே கணக்கேடு, இரவிலே படிப்பும் எழுத்தும். அந்த முப்பதுகளிலேதான் அவர் ரஷ்ய மொழியையும் பாரசீக மொழியையும் கற்கத் தொடங்கினார். நியூயோர்க் பத்திரிகையொன்றிலே மார்க்ஸின் பெயரில் வெளிவந்த கட்டுரைகள் பலவற்றை அவரே எழுதினார். தம் பெயர் வரவேண்டுமென்று அவர் கேட்கவில்லை. வாணிபத்தை அவர் ஒருபோதும் புகழ்ந்ததில்லை. கடிதங்களில் அதனை வெறுப்போடேயே குறிப்பிட்டார். 1869 ஜூன் 30ஆம் திகதி, 18 ஆண்டுகளுக்கு மேலாக நீடித்த அவ்வேலையை அவர் விட்டபொழுது, மார்க்ஸின் இளைய மகள் எலினர், 14 வயதுச் சிறுமியாக, அவ்வீட்டிலே விருந்தாளியாய் இருந்தாள். அன்று காலையிலே இதுவே கடைசித் தடவை என்று களிப்போடு சொல்லிக்கொண்டு அவர் சப்பாத்து அணிந்ததையும், மாலையிலே கைத்தடியைச் சுழற்றிப் பாடியவாறு வயல்வழியே நடந்து வந்ததையும் அவள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறாள். சிறையிலிருந்து வெளிவருபவரைப் போல அவர் வந்தார். சிறையைச் சிறையென்றே அவர் கடைசிவரை அறிந்திருந்தார்.

இச்சமரசத்தை நாம் கோயிலாக்கி வழிபட வேண்டியதில்லை. அப்பணம் எங்கிருந்து வந்தது? மான்செஸ்டர் நூற்பாலைத் தொழிலாளரின் உழைப்பிலிருந்தே வந்தது. 1864இலே எங்கெல்ஸ் அந்நிறுவனத்தின் பங்காளியுமானார். இம்முரண்பாட்டை அவர் அறிவார். நாமும் அறிந்திருக்க வேண்டும். மார்க்ஸின் கிறுக்கலான கையெழுத்துப் படிகளைத் திருத்தமாக எழுதிக் கொடுத்த ஜென்னியும், அவ்வீட்டுப் பணிச்சுமை அனைத்தையும் தாங்கிய ஹெலன் டெமுத்தும் செலுத்திய விலை, 'மூலதன'த்தின் அட்டையிலே குறிக்கப்படவில்லை. குற்றமற்ற சமரசம் என்று ஒன்றில்லை. ஆனால் குற்றமற்றது இல்லை என்பதற்காக, எல்லாச் சமரசங்களும் ஒரே தரத்தன என்று கூறிவிடவும் முடியாது.

எங்கெல்ஸின் முப்பதுகளிலிருந்து நாம் சில வினாக்களைப் பெற்றுக்கொள்ளலாம். ஏற்கும் சமரசம் எதற்காக, எவ்வளவு காலத்துக்கு? அதன் விலையை உண்மையிலே யார் கொடுக்கிறார்? அதனை நாம் அதன் சொந்தப் பெயராலே அழைக்கிறோமா, அல்லது அதற்கு "உலகம் தெரிதல்" என்று அழகிய பெயர் சூட்டிவிட்டோமா?

நம் நாட்டு இடதுசாரி இயக்கமே இவ்வினாக்களிலிருந்து தப்ப முடியாதென்பதையும் நேர்மையோடு கூறவேண்டும். மலேரியாக் கிராமங்களுக்குச் சென்ற அதே தலைமுறை, 1964இலே சமசமாஜக் கட்சியை ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் அரசாங்கத்துள் கொண்டு சென்றது. என். எம். பெரேரா நிதியமைச்சரானார். 1972ஆம் ஆண்டின் குடியரசு யாப்பு, கொல்வின் ஆர். டி சில்வா அரசியலமைப்பு விவகார அமைச்சராயிருந்த காலத்திலே நிறைவேறியது. சிறுபான்மையோருக்குச் சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு தந்த பாதுகாப்பு அதிலே இடம்பெறவில்லை. பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்கப்பட்டது. அச்சமரசத்தின் விலையைக் கொடுத்தவர்கள் அதனைச் செய்தவர்களல்லர். அவர்களுடைய முப்பதுகளை நாம் மதிப்பதாலேயே, அவர்களுடைய அறுபதுகளைப் பற்றி இவ்வளவையும் சொல்ல நேர்கிறது. நல்ல தொடக்கம் எவருக்கும் ஆயுட்கால உத்தரவாதம் ஆவதில்லை.

பெரியோரின் வரலாறு நிற்க. நம்முடைய ஓய்வறைக்கே திரும்புவோம். நமக்குத் தெரிந்த கணித ஆசிரியர் ஒருவர், வயது 34, 2022இன் நெருக்கடியிலே மாலை வகுப்புத் தொடங்கினார். வீட்டுக் கடன் தீரும்வரை என்பதே எண்ணம். முதலாண்டிலே அவர் பாடசாலையிலும் முழுமையாகக் கற்பித்தார், மாலையிலும் கற்பித்தார். மூன்றாம் ஆண்டிலே ஒரு நாள், வகுப்பறையிலே கடினமான கணக்கொன்றைப் பாதியில் நிறுத்தி, "மிச்சத்தைப் பின்னர் பார்ப்போம்" என்று தம் வாய் சொன்னதை அவரே கேட்டார். "பின்னர்" என்றால் மாலை வகுப்பு என்று பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். பின்வாங்கிலே இருந்த கூலித் தொழிலாளியின் மகளொருத்தி கொப்பியை மெதுவாக மூடினாள். அவளுக்குப் "பின்னர்" என்பது இல்லை.

"அவள் கொப்பியை மூடின சத்தம் எனக்கு மட்டுந்தான் கேட்டது" என்று அவர் நம்மிடம் கூறினார். அதன்பின் அவர் ரியூசனை முற்றாக விட்டுவிடவில்லை. விட முடியாது, கடன் இருந்தது. ஆனால் தம் பாடசாலைப் பிள்ளைகள் எவரிடமும் பணம் பெறுவதில்லை என்றும், வகுப்பறைக் கணக்கை வகுப்பறையிலேயே முடிப்பதென்றும், சனிக்கிழமை காலையிலே ஊர்ச் சனசமூக நிலையத்தில் இலவசமாகக் கற்பிப்பதென்றும் தீர்மானித்தார். வருமானம் குறைந்தது. கடன் தீரும் நாள் இரண்டாண்டுகள் தள்ளிப் போயிற்று. அந்தத் தீர்மானத்தை அவரும் மனைவியும் ஒன்றாக இருந்து கணக்குப் பார்த்தே எடுத்தனர் என்பதையும் குறிப்பிடல் வேண்டும். மனைவியின் தலையிலே சுமத்திவிட்டு அவர் நல்லவராகவில்லை.

போராட்டத்தையும் இதே தராசிலே நிறுக்க வேண்டும். 2021இலே ஆசிரியர் போராடியது நியாயமே. ஆயினும், அம்மாதங்களிலே பாடமிழந்தவர் அமைச்சரின் பிள்ளைகளல்லர், நம் பிள்ளைகளே. அவர்கள் தந்த விலையை ஏற்றுக்கொண்டு, போராட்டம் முடிந்தபின் மேலதிக நேரம் நின்று இழந்த பாடத்தை மீட்டுக் கொடுத்த ஆசிரியர் பலர். அவ்வாறு செய்யாதோரும் இருந்தனர். சங்கத்துக்குள்ளே இதனைப் பேசுவதற்கு நாம் கூசலாகாது.

அடுத்து, நாட்டைவிட்டுப் போதல். 2022இலே மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்கெனப் பதிந்து சென்றனர். அவர்களைத் துரோகிகள் என்று தூற்றும் உரிமை இங்கிருப்போருக்கு இல்லை. போரினாலே பெயர்ந்த உறவினர் அனுப்பிய பணத்தில் உண்டு படித்தவர்கள் நம்மிலே அநேகர். போகிறவரிடம் நாம் கேட்பதும் அதே கேள்விகளைத்தான். எதற்காகப் போகிறீர்கள்? வீட்டிலே விட்டுப்போகும் பிள்ளையை வளர்ப்பவர் யார். அவருடைய முதுமைக்கு வழி என்ன? அங்கே தொழிலாளியாக நிற்கும்போது, அந்நாட்டுத் தொழிலாளரோடு நிற்பீர்களா, அல்லது ஊரிலே கட்டப்போகும் மாடியையும் சாதிப் பெருமையையும் மட்டும் கனவு காண்பீர்களா? விடைகள் மனிதருக்கு மனிதர் வேறுபடும். கேள்வியை எழுப்பாமற் போவதே தவறு.

"தத்துவம் போதும், நாளைக் காலையிலே செய்யத்தக்கது என்ன?" என்று கேட்கும் இளம் நண்பர்களுக்கு, நாம் பட்டறிந்தவற்றுள் சிலவற்றைக் கூறலாம்.

வீட்டுக் கணக்கைக் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து எழுதுங்கள். முப்பதுகளிலே மனிதரைப் பணியவைப்பது பெரும்பாலும் பசியன்று, கடன். அக்கடனிலும் பெரும்பகுதி உணவுக்காகப் பட்டதன்று. மண்டபத்துக்கும், வீடியோவுக்கும், அயலார் கண்ணுக்கும் பட்டது. கலியாணத்தையும் பூப்புனித நீராட்டு விழாவையும் எளிமையாக்குபவர், தம் முதுகெலும்பை நிமிர்த்தி வைத்திருக்கும் வசதியைப் பெறுகிறார். கடன்காரர் இல்லாதவரை அதிகாரியால் அவ்வளவு இலகுவிலே மிரட்ட முடியாது. சீதனம் வாங்குவதில்லை என்று இருபதிலே மேடையிற் சொன்னவர், முப்பதுகளிலே தம்பிக்குப் பெண் பார்க்கும் பேச்சுவார்த்தையில் வாய்மூடி இருப்பாரானால், அவர் மேடையிற் சொன்னது வெறும் சத்தமே.

உடலைப் பேணுங்கள். இதனை முதலாளித்துவச் சுகபோகமென்று ஒதுக்கிவிடாதீர்கள். நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் நம்மவரை நாற்பதுகளிலேயே வீழ்த்துகின்றன. அவற்றின் வித்து முப்பதுகளின் நித்திரையின்மையிலும், அவசரத் தீனியிலும், நடவாத கால்களிலும் இருக்கிறது. அரசாங்க வைத்தியசாலையிலே ஆண்டுக்கொரு முறை இரத்தம் சோதித்துக்கொள்வதற்கு எந்தக் கொள்கையும் தடையன்று.

புதிதாக ஒன்றைக் கற்கத் தொடங்குங்கள். எங்கெல்ஸ் பாரசீகம் கற்றார். நாம் சிங்களமேனும் கற்கலாம். பக்கத்திலே வாழும் மக்களின் மொழியறியாமல், அவர்களுடைய தொழிலாளரோடு ஒற்றுமை என்று தீர்மானம் நிறைவேற்றுவது எவ்வளவு போலியானது! அவ்வாறே, தமிழ் கற்க விரும்பும் சிங்கள ஆசிரியருக்கு ஒரு மணி நேரத்தை ஒதுக்குங்கள்.

தனித்து நில்லாதீர்கள். இருபதிலே நண்பர் கூட்டம் தானாக அமைகிறது. முப்பதுகளிலே அது தானாகக் கலைகிறது. வேலையும் குழந்தையும் ஒவ்வொருவரையும் ஒவ்வொரு வீட்டினுள் அடைத்துவிடுகின்றன. மாதத்திலொரு நாள் நான்கு பேர் கூடி ஒரு நூலைப் படிப்பது சிறு செயல்தான். ஆனால் தனித்திருப்பவருக்கே "உம்மட பாட்டைப் பாரும்" என்பது வேதவாக்காகக் கேட்கிறது. அக்கூட்டத்துக்குப் பெண்களும் வரவேண்டுமானால், அன்று குழந்தையைப் பார்ப்பது யார் என்பதையும் ஆண்கள் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். இச்சிறு ஏற்பாட்டைச் செய்யாமையாலேயே நம் இயக்கங்கள் முப்பது வயதுப் பெண்களை இழந்திருக்கின்றன. அவர்கள் உலகம் தெரிந்து ஒதுங்கியவர்களல்லர், ஒதுக்கப்பட்டவர்கள்.

கடைசியாக, இருபது வயதினரைக் கண்டு சிரியாதீர்கள். 2022இலே காலிமுகத் திடலிலே கூடாரமடித்திருந்த இளைஞரிடம் அரசியல் தெளிவு போதாதென்று நாம் குறைகூறினோம். தெளிவு போதாதிருந்தால் அதனைக் கொடுக்க வேண்டியவர்கள் யார்? முப்பதுகளிலே இருப்பவர் இரு தலைமுறைக்கு இடையிலே பாலமாக நிற்கிறார். முதியோரின் அநுபவம் அவருக்குப் புரியத் தொடங்கிவிட்டது; இளைஞரின் கோபம் அவருக்கு இன்னும் மறந்துபோகவில்லை. வேறெந்த வயதுக்கும் இவ்விரண்டும் ஒருங்கே வாய்ப்பதில்லை.

ஆசிரியர் ஓய்வறையிலே தேநீர் அருந்தும் நம் மூத்தவருக்கு நாம் கூற விரும்புவதும் இதுதான்: "மாஸ்டர், நீங்கள் சொன்னது சரி. எங்களுக்கும் உலகம் தெரியத் தொடங்கிவிட்டது. எங்களுடைய சம்பளம் ஏன் கரைந்தது என்று தெரிகிறது. எங்களுடைய ஆயுள் யாரால் நீண்டது என்றும் தெரிகிறது. நீங்கள் அன்று நடந்த ஊர்வலம் வீணாகவில்லை என்றும் தெரிகிறது. அதனாலேதான் எங்கள் பாட்டை மட்டும் பார்க்க எங்களால் முடியாமலிருக்கிறது."

அவர் சிரிக்கக்கூடும், கோபிக்கவும் கூடும். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, "சரி, சனிக்கிழமை வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்க ஆள் இருக்கோ?" என்று கேட்கவும் கூடும். அவ்வாறு கேட்பாரானால், அவரையும் அழைத்துக்கொண்டு செல்வது நம் கடமை.